பாத்திரக்கடையில் தூங்கிய குழந்தை

(செவித்திறன் குறைந்த குழந்தைகளின் பெற்றோர் மதுரையில் கூடிய ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கை மட்டும் எழுத்து நடைக்கு மாற்றியிருக்கிறேன்.)

வந்திருக்கும் அக்காமார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும், கைக்குழந்தையோடு கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு தம்பதிகளுக்கும் வணக்கம். கடைசி வரிசைக்குத் தனியாக வணக்கம் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்னால் இதே போன்ற ஒரு கூட்டத்தில் நானும் என் மனைவியும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். தெரிந்தவர் யாராவது உள்ளே வந்துவிட்டால் சட்டென்று எழுந்து போய்விடலாம் என்று.

எனக்கு மேடை பழக்கமில்லை. கீழமாசி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். தாத்தா காலத்தில் பித்தளை, அப்பா காலத்தில் அலுமினியம், என் காலத்தில் எவர்சில்வர். காலையில் கதவைத் தூக்கும்போது தொடங்குகிற சத்தம் இரவு இறக்கும்வரை ஓயாது. குடத்தை அடுக்கும் சத்தம், வாங்க வந்தவர் தாம்பாளத்தைச் சுண்டிப் பார்க்கும் சத்தம், எடைத்தட்டில் பழைய பாத்திரத்தைக் கொட்டும் சத்தம், பெயர் வெட்டும் மெஷினின் கிர்ரென்ற சத்தம். முகூர்த்த நாளுக்கு முந்தின வாரம் வந்து பாருங்கள், பக்கத்துக் கடைக்காரர் கைபேசியை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போய்த்தான் பேசுவார்.

2011-இல் எங்களுக்குப் பெண் பிறந்தாள். மூத்தவன் பையன், அவனுக்கு அப்போது மூன்று வயது. கீழே கடை, மாடியில் வீடு. மனைவி சமையலில் இருக்கும்போது குழந்தையைக் கல்லாவுக்குப் பின்னால், சாக்குக் கட்டின்மேல் சேலையை விரித்துப் படுக்க வைப்போம். அத்தனை சத்தத்திலும் அசையாமல் தூங்குவாள். வந்தவர்கள் எல்லாம் வியந்துபோவார்கள். “கோயில் பூனை தேவருக்கு அஞ்சுமா?” என்பார் என் அம்மா. “பாத்திரக்கடைப் பிள்ளை அல்லவா, பழகிவிட்டது” என்று நானும் பெருமையாகச் சொல்வேன். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றில் ஏதோ புரள்கிறது.

எட்டாம் மாதத்தில் என் மனைவிக்குச் சந்தேகம் வந்தது. எனக்கு வரவில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை என்றாள். முன்பெல்லாம் தனக்குத்தானே ஏதேதோ குழறிக்கொண்டிருந்த குழந்தை இப்போது குறைத்துவிட்டது என்றாள். நான் ஓர் அலுமினிய அண்டாவைத் தூக்கி வந்து, குழந்தைக்கு இரண்டடி பின்னால் சிமெண்டுத் தரையில் போட்டேன். குழந்தை திரும்பினாள். “பார்த்தாயா?” என்றேன். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் அந்த அண்டாவைச் சொல்லியே அவள் வாயை அடைத்தேன்.

குழந்தை அண்டாவின் ஓசைக்குத் திரும்பவில்லை. தரை அதிர்ந்தது, அதற்குத் திரும்பினாள். இது எனக்குப் புரிய, செவித்திறனைச் சோதிக்கும் ஓர் ஆடியாலஜிஸ்ட் வேண்டியிருந்தது. காது கேட்காத குழந்தைக்குக் கண்ணும் தோலும் கூர்மையாக வேலை செய்கின்றன. பின்னால் நின்று கை தட்டினால் காற்று படுகிறது, சுவரில் நிழல் ஆடுகிறது, எதிரில் இருக்கும் அண்ணன் உங்களைப் பார்க்கிறான், அவன் பார்ப்பதைப் பார்த்துக் குழந்தையும் திரும்புகிறது. ஆகவே வீட்டில் தட்டைத் தட்டிப் பார்த்து, கேட்கிறது என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். பிறந்த ஒன்றிரண்டு நாளிலேயே செய்யக்கூடிய ஓ.ஏ.இ. சோதனை இருக்கிறது. குழந்தை தூங்கும்போது காதில் சின்னதாக ஒரு முனையை வைத்துச் சில நிமிடங்களில் பார்த்துவிடுகிறார்கள். ஊசி இல்லை, வலி இல்லை. ஒரு மாதத்துக்குள் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவி என்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. முதல் சோதனையில் தேறிய குழந்தைக்கும் பின்னால் கேட்கும் திறன் குறையலாம் என்பதால் ஒரு தாய் சந்தேகப்பட்டால் மறுபடியும் பார்த்துவிட வேண்டும். தாயின் சந்தேகத்தை அண்டாவைப் போட்டு அமுக்கக் கூடாது.

அண்டா மட்டுமா அமுக்கியது? வீட்டில் குமரகுருபரரும் இருந்தார். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து ஐந்து வயது வரை வாய் திறக்காமல் இருந்தவர், பெற்றோர் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் முருகன் சந்நிதியில் கிடத்தியதும் பேசினார், கந்தர் கலிவெண்பா பாடினார், பிறகு நம் மதுரைக்கே வந்து திருமலை நாயக்கர் முன்னால் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றினார் என்ற வரலாற்றைக் கேட்காமல் இந்த ஊரில் பேச்சு வராத பிள்ளையை வளர்க்க முடியாது. மாமா சொன்னார், அத்தை சொன்னார், பால் ஊற்றுபவர் சொன்னார். ஐந்து வயது வரை பொறு. நாங்களும் திருச்செந்தூர் போனோம், மொட்டை போட்டோம், நாழிக்கிணற்றில் குளித்தோம். போனதற்கு வருத்தமில்லை, இன்றைக்கும் போகிறோம். பொறுத்ததற்குத்தான் வருத்தம். மொழியைப் பிடித்துக்கொள்ளும் வேகம் மூளைக்கு முதல் சில ஆண்டுகளில் இருப்பதுபோலப் பிறகு இருப்பதில்லை. குமரகுருபரர் சரித்திரத்தைத் தவணைக் கெடுவாக எடுத்துக்கொண்டால் அந்த ஆண்டுகள் போய்விடும்.

அதே பிள்ளைத்தமிழை வேறு விதமாகவும் படிக்கலாம் என்று பிற்பாடு எனக்குத் தோன்றியது. செங்கீரை என்றால் குழந்தை கை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது, தால் என்றால் தாலாட்டுக்கு நாவசைப்பது, சப்பாணி என்றால் கை கொட்டுவது, வருகை என்றால் தளர்நடை நடந்து வருவது. எந்தப் பருவத்தில் குழந்தை என்ன செய்யும் என்று நம் புலவர்கள் வரிசை போட்டு வைத்திருக்கிறார்கள். என் மகள் செங்கீரை ஆடினாள், சப்பாணி கொட்டினாள், பதினோராம் மாதமே நடந்தாள். தாலில் மட்டும் ஒன்றும் நடக்கவில்லை. என் அம்மா பாடுவார், அவள் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாங்கள் அந்த ஒரு பருவத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு மருத்துவரிடமும் காட்டினோம். பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, நன்றாகத்தானே இருக்கிறது, அப்பா எப்போது பேசினார் என்று கேட்டார். மூன்று வயதில் என்று என் அம்மா சொன்னார். அப்படியானால் இவளும் மூன்றில் பேசுவாள் என்று ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். காதைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை.

இரண்டு வயது மூன்று மாதத்தில்தான் பெரா என்ற செவித்திறன் சோதனைக்குப் போனோம். உங்களில் பலருக்கு அந்த நாள் நினைவிருக்கும். குழந்தை தூங்க வேண்டும், அதனால் முதல் நாள் இரவு தூங்க விடக் கூடாது. அதிகாலை நாலு மணி வரை மாடியில் அவளைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். மருத்துவமனையில் மருந்து கொடுத்தும் அவள் தூங்கவில்லை, பக்கத்தில் தூங்கிவிட்டது நான். ஒரு வழியாகத் தூங்கியதும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். திரையில் கோடு ஓடியது. ஒலி மூளைத்தண்டை எட்டினால் கோட்டில் அலை எழும். குசுகுசுப் பேச்சு 30 டெசிபல், சாதாரணப் பேச்சு 60. ஏற்றிக்கொண்டே போனார்கள். 90-க்கும் அலை எழவில்லை, இரண்டு காதுக்கும்.

சோதனை செய்த பெண் எங்களிடம் முடிவைச் சொல்லும்போது என் மனைவி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, “அண்டா” என்றாள். ஒரே ஒரு சொல். அவ்வளவுதான் இந்த விஷயத்தில் இதுவரை அவள் என்னைத் திட்டியது.

என் மனைவி எனக்கு மாமன் மகள். சொந்தத்தில் கட்டியது. அதனால் பழியை எந்த வீட்டுப் பக்கம் தள்ளுவது என்பதில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு தொழில்நுட்பச் சிக்கல் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே பக்கம். ஆனாலும் பேச்சு அவள் மேல்தான் விழுந்தது. கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி தின்றாள், டிவி அதிகம் பார்த்தாள். காது கேளாமையைக் கொண்டுவரும் மரபணுக் கோளாறுகளில் பல, தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் வந்து சேர்ந்தால்தான் வெளிப்படும். இருவருக்கும் நன்றாகக் காது கேட்கும், இருவரும் அதைச் சுமந்துகொண்டிருப்பார்கள், ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது இருவரும் ஒரே கோளாற்றைச் சுமக்கிற வாய்ப்புக் கூடுகிறது. அந்நியத்தில் கட்டியவர்களுக்கும் பிறக்கிறது, சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் பிறப்பதுமில்லை. கர்ப்ப காலத்து ருபெல்லா, குறைமாதப் பிறப்பு, கடுமையான மஞ்சள் காமாலை, மூளைக்காய்ச்சல், சில மருந்துகள் என்று வேறு காரணங்களும் உண்டு. பப்பாளி அந்தப் பட்டியலில் இல்லை. இதை என் அம்மாவிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவை கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன்.

இப்போது சொல்லப்போவதைச் சொல்லத்தான் இங்கே வந்தேன். சோதனை முடிவு வந்த பிறகு எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. சண்டையால் இல்லை. குழந்தைக்குத்தான் கேட்காதே, அப்புறம் எதற்கு அவளிடம் பேச வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை, தானாக நின்றது. சோறு ஊட்டும்போது முன்பெல்லாம் நிலாவைக் காட்டி, காக்காயைக் காட்டி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது வாயைத் திறந்து காட்டினால் போதும், அவளும் திறந்தாள். அம்மா தாலாட்டை நிறுத்தினார். மூத்தவன் கூட அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான், கூப்பிடுவதில்லை. கடையில் காது கிழியும், படி ஏறி மேலே வந்தால் நூலகம் போல இருக்கும்.

முதலில் கொடுத்தது காதுக்குப் பின்னால் மாட்டுகிற சாதாரண மெஷின். அதை மாட்டிக்கொண்டு பேச்சுத் தெரபிக்குப் போனோம். மூன்றாவது வாரம் தெரபிஸ்ட் எங்களை உட்கார வைத்தார். மிகவும் இளையவராகத் தெரிந்தார். “வீட்டில் இவளிடம் என்ன பேசுகிறீர்கள்?” என்று கேட்டார். நான் யோசித்தேன். என் மனைவியும் யோசித்தாள். “நேற்று என்ன பேசினீர்கள்? ஒரு வாக்கியம் சொல்லுங்கள் போதும்.” எங்களால் சொல்ல முடியவில்லை. “வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்னிடம் இருக்கிறாள். மீதி நேரம் எல்லாம் பேச்சே இல்லாத வீட்டில் இருக்கிறாள். நான் என்ன செய்ய?” என்று கேட்டுவிட்டு அடுத்த குழந்தையைக் கூப்பிட்டார்.

குறளில் ஒன்று எல்லோருக்கும் தெரியும். குழல் இனிது யாழ் இனிது என்பவர்கள் தம் மக்கள் மழலைச்சொல் கேளாதவர்கள். பள்ளியில் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். காது கேளாத குழந்தையும் முதல் ஆறு மாதம் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் குரல் எழுப்புகிறது. தன் குரல் தனக்குத் திரும்பி வராததாலும், எதிர்க்குரல் எட்டாததாலும் மெல்லக் குறைத்துக்கொள்கிறது. என் மகளும் அந்த மழலையைப் பேசினாள். பாத்திரச் சத்தத்தில் நான்தான் கேட்கவில்லை. அது குறைந்தபோது கவனித்தவள் என் மனைவி ஒருத்தி.

தெரபிஸ்ட் கேட்ட அன்றிலிருந்து என் மனைவி பேச ஆரம்பித்தாள். குழந்தையைச் சமையல் மேடைமேல் உட்கார வைத்துக்கொள்வாள், முகம் முகத்துக்கு நேராக. “வெண்டைக்காயைக் கழுவுகிறேன். ஈரத்தைத் துடைக்கிறேன். ஏன் துடைக்கிறேன்? ஈரம் இருந்தால் வழவழ என்று ஆகிவிடும். இதோ காம்பை நறுக்குகிறேன். இந்தா, காம்பை மூக்கில் ஒட்டிக்கொள்.” கூட்டுக்கும் பொரியலுக்கும் நடக்கிற ஒவ்வொரு வேலைக்கும் வாக்கியம். ஒரே வார்த்தையை ஒரு நாளைக்கு ஐம்பது தரம். அக்கம்பக்கத்தார் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று என்னிடம் வந்து கவலையோடு விசாரித்தார்கள். நான் கடையை மாலை ஏழுக்கே இறக்கிவிட்டு மேலே போய் என் பங்குக்குப் பேசினேன். எனக்கு வந்தது பாத்திரப் பேச்சுதான். செம்பு, கும்பா, தூக்குவாளி, குத்துப்போணி, சருவச்சட்டி. என் மகள் முதலில் தெளிவாகச் சொன்ன சொற்களில் ஒன்று ‘வாளி’. அம்மா, அப்பா எல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஆனால் அது காக்ளியர் மெஷின் வைத்த பிறகு. உள்காதில் நத்தைக் கூடு போலச் சுருண்ட உறுப்புக்குள் ஒலியைப் பிடிக்கிற நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. அவை போனால் மறுபடி முளைப்பதில்லை. இந்த மெஷின் அவற்றைத் தாண்டிப் போய், மின்முனைகள் வழியாக நரம்பையே நேராகத் தொடுகிறது. வெளியே காதில் மாட்டும் பிராசஸர், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் காயில், உள்ளே தோலுக்கடியில் வைத்துத் தைத்த பகுதி. லட்சக்கணக்கில் ஆகும் என்றதும் கடையை விற்பது பற்றிக்கூடப் பேசினோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது என்பதைச் சொன்னது எங்களுக்கு முன்னால் வரிசையில் நின்ற உசிலம்பட்டிக்கார அம்மா ஒருவர். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, மருத்துவக் குழு, நிமோனியாத் தடுப்பூசி என்று அலைந்தோம். 2014-இல் அறுவைச் சிகிச்சை நடந்தது.

ஸ்விட்ச் ஆன் என்று சொல்வார்களே, தையல் ஆறிச் சில வாரம் கழித்து மெஷினை முதன்முதலாக இயக்கும் நாள், அன்றைக்கு நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கைபேசியில் பார்த்த காணொளிகளில் எல்லாம் குழந்தை கண்ணை விரித்துச் சிரிக்கும், தாய் அழுவாள். எங்கள் வீட்டில் குழந்தைதான் அழுதாள். பயந்து வயரைப் பிடுங்கி எறிந்தாள். அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. மெஷினின் ஒலி அளவைக் குழந்தைக்கு ஏற்றபடி சரிசெய்யும் மேப்பிங்குக்குப் போனோம், வந்தோம். தினமும் காலையில் மெஷினை மாட்டியதும் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஆ, ஊ, ஈ, ம், ஸ், ஷ் என்று ஆறு ஒலிகளைச் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சில் வரும் தடித்த ஒலி முதல் மெல்லிய ஒலி வரை அந்த ஆறுக்குள் அடங்கும். ஒலி கேட்டால் குழந்தை ஒரு மணியை டப்பாவில் போட வேண்டும். எங்களிடம் டப்பாவுக்கா பஞ்சம்? டப்பாக்கள் காலியாகவே இருந்தன.

மூன்றாம் மாதம் ஒரு நாள். கடையில் ஓர் அம்மா கரண்டி பார்த்துக்கொண்டிருந்தார். கைதவறி ஒரு தேக்கரண்டி கீழே கிடந்த சாக்கின்மேல் விழுந்து, அங்கே இருந்த இன்னொரு கரண்டியில் பட்டது. டிங் என்று சின்னதாக ஒரு சத்தம். கல்லாவுக்குப் பின்னால் பொம்மையோடு உட்கார்ந்திருந்த என் மகள் திரும்பினாள். சாக்கில் விழுந்தது, தரை அதிரவில்லை. நடுவில் கல்லாப்பெட்டி, அவள் பார்த்திருக்க வழியில்லை. நான் அந்தக் கரண்டியை எடுத்து மறுபடியும் போட்டேன். திரும்பினாள். மறுபடியும் போட்டேன். திரும்பினாள். அந்த அம்மா, “தம்பி, எனக்கு வேறு கரண்டி கொடுங்கள்” என்றார். நான் ஏழெட்டுத் தடவை போட்டிருப்பேன். மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி அப்போதுதான் அழுதாள்.

பிறகு வந்த கஷ்டங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான். பேட்டரி, அறுந்துபோகும் வயர், உதிரிப் பாகத்துக்குக் காத்திருக்கும் வாரங்கள், அதற்காக வைத்த நகை. ஒரு சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதைக் காட்டத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கருப்பசாமி வேடம் போட்டவர்கள் தோப்பறை என்ற தோல்பையால் தண்ணீர் பீய்ச்சுவார்கள் என்பது பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு மறந்துவிட்டேன். அழகருக்கு அடித்த தண்ணீரில் பாதி பிராசஸருக்குள் போனது. வீட்டுக்கு ஓடி வந்து, கழற்றித் துடைத்து, ஈரம் உறிஞ்சும் டப்பாவில் போட்டு விடிய விடியக் காவல் இருந்தோம். மறுநாள் பிழைத்துக்கொண்டது. அழகர் கைவிடவில்லை என்கிறார் அம்மா, டப்பா கைவிடவில்லை என்கிறேன் நான்.

நம் தமிழே இந்தக் குழந்தைகளுக்கு ஒரு சோதனை. வந்தான், வந்தாள், வந்தார் என்று யார் வந்தது என்பதையே சொல்லின் வாலில் வைத்திருக்கிறோம், அந்த வாலைப் பேச்சில் விழுங்கிவிடுகிறோம். உதட்டைப் பார்த்துப் படித்தால் படமும் மடமும் ஒன்று. வீட்டில் ஒரு தமிழ், பாடப்புத்தகத்தில் வேறொரு தமிழ், மற்றப் பிள்ளைகள் காற்றில் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது தமிழை இவர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும். ழகரத்துக்கு மட்டும் தெரபிஸ்ட் ஒரு வருடம் போராடினார். ஏனென்றால் மதுரைக்காரர்களான எங்கள் வீட்டில் அந்த எழுத்து யாருக்கும் வராது. இன்றைக்கு வீட்டில் வாழைப்பழத்தைச் சரியாகச் சொல்பவள் அவள் ஒருத்திதான். நான் சொன்னால் முகத்தைச் சுளிக்கிறாள்.

அடுத்து நான் சொல்வது இங்கே சிலருக்குப் பிடிக்காது. கை ஜாடை காட்டாதீர்கள், காட்டினால் பேச்சு வராது என்று எங்களிடம் சொன்னார்கள். நாங்கள் அதை வேதமாகப் பிடித்துக்கொண்டோம். அவள் கையை நீட்டித் தண்ணீர் கேட்டால், வாயால் கேட்கும்வரை கொடுக்க மாட்டோம். ஒரு நாள் இரவு மின்சாரம் போனது. மெஷினைக் கழற்றிப் படுத்திருந்த குழந்தை அலறிக்கொண்டு எழுந்தாள். மெஷின் இல்லை, வெளிச்சமும் இல்லை. என்ன சொல்லித் தேற்றுவது, எதனால் சொல்வது? என் மனைவி டார்ச்சை எடுத்துத் தன் முகத்தில் அடித்துக்கொண்டு பேசினாள். கீழிருந்து வெளிச்சம் பட்ட முகம் குழந்தைக்குப் பேயாகத் தெரிந்ததோ என்னவோ, இன்னும் அலறினாள். நான் டார்ச்சை வாங்கிக் கையின்மேல் அடித்தேன். என் மனைவி இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்தில் வைத்துத் தூங்கு என்று காட்டினாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டு, தரையைத் தொட்டு, நான் இங்கேயே இருக்கிறேன் என்று காட்டினாள். குழந்தை அடங்கினாள்.

மெஷின் கழன்றால் அவளுக்குக் காது கேட்காது. குளிக்கும்போது, நீந்தும்போது, இரவில், பழுதாகிச் சென்னைக்குப் போயிருக்கும் வாரங்களில். அந்த நேரத்துக்கு ஒரு மொழி வேண்டாமா? பிறகு அவளைக் காது கேளாத பெரியவர்கள் கூடும் இடத்துக்கு அழைத்துப் போனேன். அங்கே டீ குடித்துக்கொண்டே பத்துப் பேர் கையால் அரட்டை அடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் வாயைப் பிளந்து பார்த்தாள். அங்கே ஒரு வார்த்தையும் புரியாமல் நின்றவன் நான்தான், ஒருவர் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு ஒரு பிஸ்கட் கொடுத்தார். இந்தியச் சைகை மொழிக்கென்று 2015-இல் டெல்லியில் ஆய்வு மையம் வந்துவிட்டது, அகராதி வந்துவிட்டது, 2020-இன் தேசியக் கல்விக் கொள்கையிலும் அதற்கு இடமிருக்கிறது. சைகையால் அவள் பேச்சு குறையவில்லை. மெஷின் வைக்க முடியாத குழந்தைகளும், வைத்தும் பலன் குறைவாகக் கிடைத்த குழந்தைகளும் இந்தக் கூடத்தில் இருக்கிறார்கள். அவர்களின் பெற்றோர் தலை குனிய ஒன்றும் இல்லை. நம் மதுரைப் பெண் ஜெர்லின் அனிகா 2022-இல் பிரேசிலில் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் இறகுப்பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வாங்கினார், அர்ஜுனா விருதும் பெற்றார். அந்த வாரம் கடைக்கு வந்தவர்களிடம் எல்லாம் நான் சொன்னேன். பழைய பெருமையை அப்படிக் கொஞ்சம் கழித்துக்கொண்டேன்.

மூத்தவனைப் பற்றியும் ஒன்று. காதுக்குள் பொருந்தும் இயர் மோல்டுக்கு அளவெடுக்கக் குழந்தையின் காதில் பசை போல ஒன்றை வைப்பார்கள் அல்லவா, அவன் கூடவே வந்து பார்த்திருக்கிறான். ஒரு நாள் சப்பாத்தி மாவை உருட்டி இரண்டு காதிலும் அடைத்துக்கொண்டு சாப்பாட்டுக்கு வந்து உட்கார்ந்தான். அவனுக்கு அப்போது ஏழு வயது. என் மனைவி ஒன்றும் கேட்கவில்லை. அவனையும் சமையல் மேடையில் தூக்கி உட்கார வைத்து, வெண்டைக்காயைக் கழுவுகிறேன் என்று ஆரம்பித்தாள்.

இப்போது மகள் பத்தாம் வகுப்பு. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசினால் பாதி போய்விடுகிறது, மின்விசிறிச் சத்தம் மீதியைத் தின்கிறது. மொழிப்பாடம் ஒன்றுக்கு விலக்கும் தேர்வில் கூடுதல் நேரமும் உண்டு. விலக்கு வேண்டாம், எழுதுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள், என்ன செய்யப் போகிறாளோ. செவிடன் காதில் ஊதிய சங்கு என்று வகுப்பில் யாரோ யாரையோ சொன்னதற்கு எழுந்து நின்று, “சங்கு ஊதினால் எனக்கு நன்றாகவே கேட்கும்” என்றாளாம். ஆசிரியர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். புகாரா பாராட்டா என்று அவர் குரலில் தெரியவில்லை.

விடுமுறையில் கடைக்கு வருகிறாள். பெயர் வெட்டுவது அவள் வேலை. சின்ன வயதிலேயே அந்த மெஷின் ஓடும்போது பாத்திரத்தின் மறுபக்கம் கையை வைத்துக்கொண்டு நிற்பாள், எழுத்தை விரலால் படித்தாள் என்றுகூடச் சொல்லலாம். எங்களுக்கெல்லாம் அரை மணி நேரம் வெட்டினால் தலை வலிக்கும். அவள் காயிலைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உட்காருவாள், ஒரு முகூர்த்தத்துச் சீர்ப் பாத்திரம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழுவாள். எழுத்து முத்துமுத்தாக இருக்கும். போன வாரம் சோழவந்தானிலிருந்து வந்த ஓர் அம்மா பக்கத்தில் நின்று, மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், தேதி, ‘அன்பளிப்பு’ என்பது எங்கே வர வேண்டும் என்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். இவள் குனிந்த தலை நிமிரவில்லை. “எவ்வளவு அழுத்தம் பாருங்கள்” என்று என்னிடம் முறையிட்டார். நான் மேசையில் இரண்டு தட்டுத் தட்டினேன். மகள் நிமிர்ந்தாள், சட்டைப்பையிலிருந்து காயிலை எடுத்து ஒட்டிக்கொண்டாள், அந்த அம்மாவின் முகத்தை நேராகப் பார்த்து, “இப்போது சொல்லுங்கள், முதலிலிருந்து” என்றாள்.